ரஷ்ய மொழியில் ஒரு மிடறு தண்ணீர்

1. கடதாசிக் கட்டு

ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்கிற சேர்ஜன் என்னைக் கூப்பிட்டு அனுப்பிய காலை நான் ரியூட்டரியில் ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகாலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் ஒருவர் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, ரஷ்யன் தெரிந்த ரீச்சர் நான்தானா என்று கேட்டார். டொக்டர் கையோடு கூட்டிவரச் சொன்னாராம். நான் வகுப்பை முடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளின் அவசரமும் அவசரம்தான்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. மாஸ்கோவில் மொழியியல் படித்துவிட்டு நான் புத்தூருக்குத் திரும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வந்த புதிதில் ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரஷ்யனைப் படித்து இங்கே யாரோடு கதைக்கப் போகிறாய்? டொக்டர் படிப்புக்கோ எஞ்சினியர் படிப்புக்கோ போயிருந்தால் சரி, மொழி படிக்கவா இவ்வளவு தூரம் போனாய் என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். நான் பஸ் போகிற தெருவைப் பார்த்த எங்கள் முன்னறை ஜன்னலுக்கு மேலே ‘ரஷ்யன் – ஆங்கிலம் மொழிபெயர்ப்பு’ என்று ஒரு பலகையை மாட்டினேன்.

சோவியத்தில் படித்துவிட்டு வந்த பொடியன்கள் அப்போது குடாநாட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மொழி தெரியும். ஆனால் தன் சான்றிதழைத் தானே மொழிபெயர்த்தால் ஒருவரும் ஏற்கமாட்டார்கள். ஆகவே கொடிகாமத்தில் இருந்தும் வடமராட்சியில் இருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். ‘ரஷ்யாக்காரி’ என்று எனக்குப் பட்டப்பெயர் விழுந்தது. கேலியாக வைத்த பெயரை நான் விருதாக எடுத்துக்கொண்டேன். இந்த விஷயத்தில் அடக்கம் காட்ட எனக்கு வராது.

சேர்ஜன் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவருடைய மேசையில் ரஷ்யனில் ரைப் அடித்த கடதாசிக் கட்டு ஒன்று கிடந்தது. நோயாளியின் பெயர் தவராசா, உடுப்பிட்டிக்காரன், கப்பலில் வேலை. ஒதெஸ்ஸா துறைமுகத்தில் கப்பலைக் கட்டியிருந்த வடம் அறுந்து அவனுடைய கழுத்தில் அடித்திருக்கிறது. அங்கேயே ஒப்பரேஷன் செய்து, பிழைக்க வைத்து, தேறிய பிறகு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். உயிர் தப்பிவிட்டது. ஆனால் விழுங்குவதற்கான நரம்பு ஒரு பக்கம் பழுது. வீட்டுக்கு வந்த பிறகு அவன் குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குள் இறங்கி, திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்திருக்கிறது. அதனால் இப்போது மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் கொடுக்கிறார்கள்.

“ஒதெஸ்ஸாவிலை இவன் வாயாலை குடிச்சிருக்கிறான், ரீச்சர். எப்பிடிக் குடிக்கப் பண்ணினவை எண்டு எனக்குத் தெரியவேணும். இல்லாட்டி வயித்திலை ஓட்டை போட்டுக் குழாய் வைக்கிறதைத் தவிர எனக்கு வேறை வழி இல்லை” என்றார்.

கொழும்பில் இருந்த கப்பல் ஏஜென்சி ஏற்கனவே ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்திருந்தது. அதையும் காட்டினார். ரஷ்யனில் ஒன்றரைப் பக்கம் இருந்த விழுங்கும் பயிற்சி ஆங்கிலத்தில் ஒரே வரியாகியிருந்தது: நோயாளி தண்ணீரை மெதுவாகக் குடிக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரைப் பக்கத்தை ஒரு வரியாக்குவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு, கத்தரிக்கோல் போதுமே. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் முழுவதையும் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

புறப்படுமுன் வார்டில் தவராசாவைப் பார்த்தேன். நல்ல உயரமான, முப்பது வயது ஆள். கன்னம் ஒட்டிப்போய் மூக்கில் குழாயோடு கிடந்தான். பக்கத்தில் அவனுடைய தாய் பூரணம். அங்கே எப்படிக் குடித்தாய் என்று அவனிடமே கேட்டேன். கரகரத்த குரலில், அவர்களுடைய பாஷை தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒரு நேர்ஸம்மா வந்து பிடித்துப் பருக்குவா, தான் விழுங்குவேன், அவ்வளவுதான் தெரியும் என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, வயித்திலை குழாயை வைச்சால் என்னை எந்தக் கப்பலிலை ஏத்துவினம்? சாகும்வரைக்கும் ஒரு தேத்தண்ணி வாயாலை குடிக்க ஏலாது. நீங்கள் எப்பிடியும் உந்தக் கடதாசியை வாசிச்சுச் சொல்லுங்கோ.”

வாசிக்கிறேன் என்றேன். அது என்னால் முடிந்த காரியம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

2. குடித்துக் குடித்து மொழிபெயர்த்தது

ரஷ்யர்கள் குடிப்பதற்கு வைத்திருக்கிற சொற்களைக் கண்டால் தலை சுற்றும். உதடு மட்டும் நனைந்தால் அது பிரிகூபித். சத்தத்தோடு ஒரு வாய் இழுத்தால் ஹ்லெப்னூத். அதே வேருக்கு முன்னால் இன்னோர் அசையைப் போட்டு பிரிஹ்லியோபிவத் என்றால், சுடச்சுடத் தேநீரைக் கதையோடு கதையாக விட்டு விட்டு உறிஞ்சுவது. ஒரே மூச்சில் கவிழ்ப்பது சால்பம். பீரங்கிகள் ஒன்றாக வெடிப்பதற்கும் அந்த வேர்தான். போர் தொடங்கியிருந்த அந்த நாட்களில் எங்களுக்கு அந்த உவமையை ஒருவரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

ஆங்கிலத்தில் இவ்வளவு இல்லை. அதனால் அகராதியை மட்டும் நம்புகிறவர் எல்லாவற்றையும் ‘ட்ரிங்க்’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். என்னுடைய வழி வேறு. உடம்பால் செய்கிற வேலையைக் குறிக்கிற வினைச்சொல் வந்தால் அதை நானே செய்து பார்க்காமல் எழுதமாட்டேன். அன்றைக்குப் பின்னேரம் மேசையில் ரைப்ரைட்டருக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு கோப்பையும் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு வரியை வாசிப்பேன், அதில் சொன்னபடி குடிப்பேன், என் உதடும் நாக்கும் தொண்டையும் என்ன செய்தன என்று கவனிப்பேன், பிறகு ரைப் அடிப்பேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்த என் தகப்பனார், “மாஸ்கோவிலை ஆறு வரியம் இருந்து தண்ணி குடிக்கத்தானோ பிள்ளை பழகினனீ?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கடதாசியில் அதிகம் வந்த சொல் க்ளதோக். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்போது உள்ளே போகிற அளவு அது. ஆங்கிலத்தில் ‘சிப்’ என்றால் வேலை உதட்டோடு நின்றுவிடுகிறது, ‘கல்ப்’ என்றால் ஆள் அவசரப்படுகிறார். இரண்டும் சரிவரவில்லை. தமிழில் யோசித்தேன், உடனே கிடைத்தது: மிடறு. எங்களுக்கு மிடறு என்றால் தொண்டை, ஒருமுறை விழுங்குகிற அளவும் மிடறுதான். ரஷ்யனிலும் தொண்டைக்கும் விழுங்கும் அளவுக்கும் ஒரே வேர். தமிழில் பொருளைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போய், ‘ஒரு சிறிய ஸ்வாலோ’ என்று எழுதினேன்.

அடுத்து ஓர் இடத்தில் ‘வெறும் மிடறு’ என்று இருந்தது. ஒரு மிடறு விழுங்கிய பிறகு வாயில் எதுவும் இல்லாமலே இன்னொருமுறை விழுங்கவேண்டும். தொண்டையில் தங்கி நிற்பதைத் தள்ளிவிடுவதற்கு அது. ஏஜென்சியின் ஒற்றை வரியில் அடிபட்டுப் போனவற்றில் முக்கியமானது இதுதான். புரைக்கேறுவதற்கும் மூச்சு அடைத்துத் திணறுவதற்கும் அவர்கள் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள். முதலாவது நடந்தால் கொஞ்சம் ஆறவிட்டுத் தொடரலாம், இரண்டாவது நடந்தால் அன்றைக்கு நிறுத்திவிடவேண்டும். புரைக்கேறுவதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை. தண்ணீர் பிழையான பாதையால் போய் இருமல் வருவது என்று விரித்து எழுதினேன்.

கடைசியாகப் பயீல்னிக். நோயாளிக்குப் பருக்குவதற்கான, மூக்கு வைத்த கோப்பை. அதையும் அப்படியே எழுதினேன். அது சரியான மொழிபெயர்ப்பு. இன்றைக்குக் கேட்டாலும் அதில் ஓர் எழுத்தை மாற்றமாட்டேன்.

3. மூக்குப்பேணி

அடுத்த நாள் சேர்ஜன் என் பக்கங்களை இரண்டு தரம் வாசித்தார். வெறும் மிடறு என்றால் என்ன என்று கேட்டார். அவர் முன்னால் விழுங்கிக் காட்டினேன். அவரும் விழுங்கிப் பார்த்துவிட்டு, இது நல்ல யோசனை, இதை இங்கே ஒருவரும் செய்து பார்க்கவில்லை என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற தட்டிவான் வண்டியில் நான் நிமிர்ந்துதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் திரும்பவும் ஆள் வந்தது. பயிற்சி சரிவரவில்லை. கடதாசியில் இருந்தபடி, சிறிய மிடறுதான், வெறும் மிடறும் சேர்த்துத்தான், நேர்ஸ் பக்கத்தில் நின்று செய்வித்திருக்கிறா. ஒவ்வொரு முறையும் புரைக்கேறி, மாலையில் காய்ச்சலும் காய்ந்திருக்கிறது. சேர்ஜன் கோபப்படவில்லை. ஆனால் ஒப்பரேஷனை அடுத்த நாளுக்குப் போட்டுவிட்டார்.

“ரீச்சர், உந்தச் சொல்லுகள் எல்லாம் சரிதானே?” என்று மட்டும் கேட்டார்.

கேட்டது நியாயம். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று குத்தியது. சொற்கள் சரி, அதற்கு நான் பொறுப்பு என்றேன். அவன் குடிக்கிறதை ஒருமுறை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். நேர்ஸும் நோயாளியும் கடதாசியில் உள்ளபடி செய்கிறார்கள், பிறகு ஏன் பிசகுகிறது என்பது எனக்குத் தெரியவேண்டும். சேர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போக அவருக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. தானும் வருகிறேன் என்று எழுந்தார்.

தவராசாவை நிமிர்த்தி இருத்தி, குழாயை எடுத்திருந்தார்கள். பூரணம் அலுமாரியில் இருந்து பளபளவென்று புளி போட்டு மினுக்கிய ஒரு மூக்குப்பேணியை எடுத்தா. ஆஸ்பத்திரியில் மூக்கு வைத்த கோப்பை இல்லை என்று நேர்ஸ் சொன்னதும், எங்கடை வீட்டிலை பரம்பரையாக் கிடக்குது என்று உடுப்பிட்டிக்குப் போய்க் கொண்டுவந்தாவாம். பித்தளைப் பேணி, பக்கத்தில் கெண்டிக்கு இருப்பது போல ஒரு மூக்கு. பார்த்தால் பயீல்னிக்கின் அண்ணன் என்றே சொல்லலாம்.

தவராசா பேணியை வாங்கினான். நெற்றிக்கு மேலே உயர்த்தினான். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, உதட்டில் படாமல் மெல்லிய நூலாகக் கொஞ்சம் தண்ணீரை ஊற்றினான். அளவு சரியாக ஒரு சிறிய மிடறுதான். அண்ணாந்த கழுத்தோடு விழுங்கினான். அடுத்த கணம் இருமத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூரணம் அவனுடைய உச்சந்தலையில் தட்டி, “ஆரோ நினைக்கினம் மோனை” என்றா.

எனக்கு உடனே மாஸ்கோ விடுதி ஞாபகம் வந்தது. போன புதிதில் நானும் இப்படித்தான் கோப்பையைத் தூக்கி வாய்க்குள் ஊற்றுவேன். அறைத்தோழி காலியா பார்த்துவிட்டு, நீ குடிக்கிறாயா, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா என்று கேட்டாள். அவர்கள் கோப்பையை உதட்டில் வைத்து, நாடியை, அதுதான் மோவாயை, கீழே இறக்கிக் குடிக்கிறவர்கள். என் கழுத்து அதற்குப் பழக ஒரு பனிக்காலம் முழுவதும் எடுத்தது. ஒதெஸ்ஸா டொக்டர் தலையைக் குனி என்று எழுதவில்லை. அண்ணாந்து குடிக்கிற மனிதனை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அங்கே நேர்ஸம்மா கோப்பையின் மூக்கை இவனுடைய உதடுகளுக்கு நடுவே வைத்துப் பருக்கியிருக்கிறா. இங்கே இவன் தன் கையால், தன் வீட்டுப் பேணியால், நடக்கப் பழகிய நாளில் இருந்து குடித்த மாதிரிக் குடிக்கிறான்.

சேர்ஜனிடம் இதைச் சொன்னேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்து எச்சிலை விழுங்கிப் பார்த்தார். பிறகு நாடியை நெஞ்சுப் பக்கம் இறக்கி விழுங்கிப் பார்த்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

“அண்ணாந்தால் சுவாசப்பாதை திறந்துகொண்டு நிக்கும். நரம்பு பழுதான ஆளுக்கு அது போதும், நேரை உள்ளை போகும்” என்றார். சிரிப்பும் வந்தது அவருக்கு. “நானும் வீட்டிலை உப்பிடித்தான் குடிக்கிறனான். அதாலைதான் எனக்கும் கண்ணிலை படேல்லை.”

4. உப்பு

அவ்வளவுதானே, தலையைக் குனிந்து குடிக்கச் சொன்னால் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பேணியின் மூக்கை வாய்க்குள் வைத்துக் குடி என்று தவராசாவிடம் சொன்னோம். பூரணத்தின் முகம் சுருங்கியது. பேணியில் வாய் வைத்து எச்சிலாக்குவது அந்த வீட்டில் நடக்காத காரியம். ஆனாலும் மகனுக்காக மறுபக்கம் பார்த்துக்கொண்டா. அவன் உதட்டில் வைத்தான், பேணி சரிந்தது, அதோடு சேர்ந்து தலையும் பின்னால் போனது. இருமல். கண்ணாடிக் கிளாஸைக் கொடுத்தோம். அதுவும் உதட்டுக்கு மேலே உயர்ந்தது. நேர்ஸ் அவனுடைய தலையைப் பிடித்துப் பார்த்தா, கழுத்து விறைத்து எதிர்த்தது.

“நான் வேணுமெண்டு செய்யேல்லை அக்கா. கழுத்து தானாப் போகுது” என்றான். அவனுடைய கண்களில் பயம் தெரிந்தது. அடுத்த நாள் ஒப்பரேஷன் என்பது அவனுக்கும் தெரியும். சேர்ஜன் திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் என் தொழிலில் ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் கிடைக்காவிட்டால், அந்த இடத்தில் எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று தேடுவேன். அதையே இங்கேயும் செய்தேன். எங்கள் ஆட்கள் எதைக் குடிக்கும்போது குனிவார்கள்? எதில் கூச்சம் இல்லாமல் வாய் வைப்பார்கள்?

கூழ்.

பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழை ஒருவரும் அண்ணாந்து ஊற்றமாட்டார்கள். ஊற்றினால் வாய் வெந்துவிடும். பலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, அதில் வாங்கி, சட்டையில் சிந்தாமல் குனிந்து, உதட்டை வைத்துத்தான் உறிஞ்சுவோம். குடித்து முடிந்ததும் இலையை எறிந்துவிடுவோம், எச்சில் என்ற பேச்சே இல்லை. நான் ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த வீட்டுக்குள் போய், கேட்டும் கேளாமலும் அவர்களுடைய பலாமரத்தில் நாலைந்து இலை பறித்துக்கொண்டு வந்தேன். விளக்குமாற்றில் ஈர்க்கு முறித்துத் தரச் சொன்னேன். அந்த நேரத்துக்குள் வார்டுக்குக் கஞ்சி வந்திருந்தது. சேர்ஜன் எட்டிப் பார்த்துவிட்டு, கஞ்சி நல்லது, தண்ணீரைப் போல ஓடாது என்றார்.

பூரணந்தான் இலையைக் கோலினா. என்னைவிட அந்தக் கைக்கு அது நன்றாக வந்தது. நான் தவராசாவுக்கு முன்னால் குந்தினேன்.

“தவம், இது கஞ்சி இல்லை, கூழ். நண்டும் றாலும் போட்டது. நல்லாச் சுடுகுது. மேலிலை சிந்தாமல் குடி.”

அவன் இலையை இரண்டு கையாலும் பிடித்தான். தலை தானாகக் குனிந்தது. நாடி நெஞ்சைத் தொட்டது. உதட்டைக் குவித்து ஒரு மிடறு உறிஞ்சி விழுங்கினான். நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். வெறும் மிடறும் விழுங்கினான். இருமல் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. இன்னொரு மிடறு, இன்னொரு வெறும் மிடறு. நேர்ஸ் அவனுடைய முதுகில் காதை வைக்காத குறையாக ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, சுவாசப்பையில் சத்தம் இல்லை டொக்டர் என்றா.

தவராசா இலையில் இருந்து முகத்தை எடுத்தான். தாயைப் பார்த்து, “உப்புக் காணாதம்மா” என்றான்.

பூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. எனக்கும் அழுகை வந்தது. மாதக்கணக்கில் மூக்கால் பால் குடித்தவன் உப்பு இல்லை என்று குறை சொல்கிறான். அதைவிட நல்ல செய்தியை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

சேர்ஜன் ஒப்பரேஷனைப் பட்டியலில் இருந்து வெட்டினார். சில நாட்கள் இலையில் கஞ்சி, பிறகு இலையில் தேத்தண்ணீர், கழுத்துப் பழகிய பிறகு கோப்பை என்று படிப்படியாகப் போனார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று, தாய்க்கு விளங்கக்கூடியதாகப் பயிற்சி முழுவதையும் தமிழில் எழுதித் தரும்படி சேர்ஜன் கேட்டார். எழுதினேன். கூழ் குடிப்பது போலக் குனியவேண்டும், பலாவிலையில் வாங்கவேண்டும், ஒரு மிடறு, பின்னால் ஒரு வெறும் மிடறு, புரைக்கேறினால் தலையில் தட்டாமல் ஆறவிடவேண்டும், மூக்குப்பேணியைத் தொடவே கூடாது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சொல்லைச் சரியாகப் போட்டதும் வேலை முடிந்தது என்று எழும்பிவிடாதீர்கள். உங்கள் சொல்லைக் கையில் எடுத்த மனிதர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று போய்ப் பாருங்கள். மூலத்தை எழுதியவர் சொல்லத் தேவையில்லை என்று விட்ட இடம் அங்கேதான் தெரியவரும். அதையும் சேர்த்து மொழிபெயர்ப்பது உங்கள் வேலை.

தமிழ்ப் பிரதியைப் படித்துவிட்டு சேர்ஜன் பேனையை என் பக்கம் நீட்டினார். சான்றிதழ்களுக்குப் போடுகிற மாதிரியே அடியில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். ரஷ்ய மூலத்தில் பலாவிலையும் இல்லை, கூழும் இல்லை, குனி என்ற சொல்லும் இல்லை. நான் யோசிக்கவே இல்லை. ‘மூலப்பிரதிக்கு உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் வைத்தேன்.